மூன்று நாளில் காலி பண்ணித் தருகிறேன் என்கிறார், ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் சிறிய இடத்துக்கு மாறுகிறோம். பழைய அலுவலகத்தை ஆறு வாரத்துக்குள் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். 60 மேசை, 85 சுழல் நாற்காலி, 22 இரும்பு பீரோ, வரவேற்பறை சோபா, 14 பேர் உட்காரும் மீட்டிங் டேபிள் ஒன்று மிச்சம். புதிய இடத்துக்கு எல்லாம் புதிதாக ஆர்டர் கொடுத்தாயிற்று. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “மூணு நாள்ல தரையைத் துடைச்சுக் குடுத்துடறேன், எல்லாத்துக்கும் ஒரே தொகை” என்றார். மேலதிகாரிக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருக்கின்றன. பள்ளிக்குக் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். உடைந்த பலகைகளைப் பின்பக்கம் போட்டு எரித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். மீட்டிங் டேபிளோ லிஃப்டில் நுழையவே நுழையாது. எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி. அலுவலகங்களைக் காலி செய்து கொடுப்பதுதான் என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், “வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைக்கணும் சார்” என்று புதன்கிழமை மாலையில் வருபவை. நல்ல மேசையும் நல்ல நாற்காலியும் அந்தக் கடைசி மூன்று நாளில்தான் குப்பையாகின்றன. கழற்ற நேரமில்லாமல் உடைக்கிறார்கள். கழற்றியதைக் கட்டி வைக்க நேரமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக எறிகிறார்கள். பத்து வருஷம் கீறல் விழாமல் இருந்த மேசைப் பலகை பத்தே நிமிடத்தில் முனை நொறுங்கிப் போகும்.

காயலான் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். எந்தச் சாமானிலிருந்து எவ்வளவு இரும்பு தேறும் என்று பார்வையிலேயே சொல்லிவிடும் ஆள் அவர். ஆனால் எடைக்கு வாங்குபவருக்கு நல்ல நாற்காலியும் காலொடிந்த நாற்காலியும் ஒன்றுதான். அதனால் அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், கடைசியாகக் கூப்பிடுங்கள். மேலதிகாரியிடமும் அப்படியே சொல்லுங்கள்: “அவர் வரட்டும், ஐந்தாவது வாரம் வரட்டும்.” மறுத்துப் பேசுவதைவிட இது எளிதில் நடக்கும்.

அதற்கு முன்னால் உங்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. புதிய ஆர்டரில் எத்தனை நாற்காலி? இருக்கிற 85-ல் நல்லவையாக நாற்பதைப் பொறுக்கி, துணியைச் சுத்தம் செய்து, சக்கரத்தை மாற்றினால் புதிய இடத்துக்குப் போதாதா? மேசைக்கும் இதே கேள்விதான். இரும்புக் கால் நன்றாக இருந்தால் மேல்பலகையை மட்டும் புதிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்டரை முழுவதும் நிறுத்த முடியாவிட்டாலும் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். புதிய சாமான் தருபவரிடம், பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். பணம் முழுவதும் கைமாறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அதற்குப் பிறகு கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி முதல் வாரத்து வேலை. ஒரு நோட்டும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் கணக்குப் பிரிவிலிருந்து சொத்துப் பதிவேட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எது நிறுவனத்தின் சொத்து, எது வாடகைக்கு எடுத்தது, எது கட்டட உரிமையாளருடையது என்று தெரியாமல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது. வாடகைக்கு எடுத்த அலமாரியைத் தானம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கப் போன நிறுவனத்தை எனக்குத் தெரியும். வாங்கியவர்கள் அதற்குள் அதில் புத்தகம் அடுக்கி, பெயரும் எழுதிவிட்டார்கள்.

நாற்காலியில் தொடங்குங்கள், எண்ணிக்கை அதிகம், கைமாறுவதும் எளிது. ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். நெம்புகோலை இழுத்து முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். மெல்ல இறங்கினால் நடுவில் உள்ள கேஸ் சிலிண்டர் போய்விட்டது என்று பொருள். அதற்காக நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டாம். சிலிண்டரை மட்டும் மாற்றலாம். பெரும்பாலானவற்றின் வெளிக்குழாய் 50 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்பதால் ஒரு கம்பெனியின் சிலிண்டர் இன்னொன்றின் நாற்காலியில் பொருந்திவிடும். அடுத்து நாற்காலியைக் கவிழ்த்து, ஐந்து கால்களும் நடுத்தண்டில் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் காலில் முடிபோல் ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். அந்த அடிப்பாகத்தோடு நாற்காலியை யாருக்கும் கொடுக்காதீர்கள், இலவசமாகக்கூட வேண்டாம். ஒருநாள் யாராவது பின்னால் சாயும்போது உடையும். சக்கரம் சுழலவில்லை என்றால் பத்தில் எட்டு முறை காரணம் தலைமுடியும் நூலும்தான். அச்சைச் சுற்றிப் பஞ்சுபோல் இறுகிக் கிடக்கும். பேனாக்கத்தியால் குறுக்கே கீறி இழுத்தால் வந்துவிடும்.

ஒரே மாடல் நாற்காலிகளை ஒன்றாக நிறுத்துங்கள். கைப்பிடி உடைந்த ஒன்றும் கால் விரிசல் விட்ட ஒன்றும் ஒரே மாடலாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு முழு நாற்காலி பண்ணிவிடலாம். வாங்க வருபவரும் ஒரே மாதிரி இருபது கிடைத்தால்தான் ஆசைப்படுவார். இருபது விதமாக இருபது இருந்தால் பேரம் பேசவே மாட்டார்.

தேறாதவற்றைப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்த கேஸ் சிலிண்டருக்குள் நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதைத் துளை போடவோ, அறுக்கவோ, கேஸ் கட்டரில் சுடவோ கூடாது. நடுக்குழாயைப் பிடித்துத் திருகும் பைப் ரெஞ்சும் ரப்பர் சுத்தியலும் இருந்தால் அது முழுசாகவே கழன்று வரும். அதைத் தனிப் பெட்டியில் போட்டு, என்னவென்று எழுதி ஒட்டுங்கள். எடுத்துப் போகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள். அவருடைய ஆட்கள் கட்டரைப் பற்ற வைத்துக்கொண்டு அதன்மேல் குனியும் காட்சியை நான் இரண்டு முறை பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

மெத்தையை விரலால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் எழும்பி வந்தால் நல்லது. பழுப்புத் தூளாக உதிர்ந்தால் அந்த ஃபோம் முடிந்துவிட்டது. பழைய ஃபோமில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அதில் கலந்த புரோமின் சேர்மங்களில் பென்டா வகை 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் (நீங்காத நச்சு வேதிப்பொருள்களை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்) தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. எது கலந்தது, எது கலக்காதது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் அதற்கு முந்தைய காலத்து மெத்தைகளைக் கிழித்து வேறு எதற்கும் அடைக்க வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூட்டையாகக் கட்டி, நகராட்சியின் கழிவு முறைப்படி அனுப்பிவிடுங்கள். சோபாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி இல்லை, துணி கிழியவில்லை என்றால் ஊழியர் யாராவது எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அதன் காலம் முடிந்தது.

பீரோவுக்கு வருவோம். சாவி இருந்தால் அது பீரோ, சாவி இல்லாவிட்டால் இரும்பு. இதை நான் பாடமாகக் கற்றது தொழிலுக்கு வந்த புதிதில். ஒரு அலுவலகத்தில் 40 பீரோக்களையும் 40 சாவிகளையும் எடுத்தோம். சாவிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்தேன். வாங்கிய நூலகத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 29 திறந்தன. மீதியை அவர்கள் கதவைக் கழற்றிவிட்டு வெறும் தட்டுகளாக வைத்துக்கொண்டார்கள். நீங்கள் இன்றைக்கே ஒவ்வொரு சாவியையும் அதன் கைப்பிடியிலேயே கம்பியால் கட்டிவிடுங்கள். சாவி தொலைந்திருந்தால் பூட்டின் முகப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை வைத்தே பூட்டுக்காரர் மாற்றுச் சாவி செய்து தர முடியும்.

22-ல் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடக் கண்டபடி கனக்கிறதா? கதவு தடித்து, சுவர் இரட்டையாக இருக்கிறதா? பழைய காலத்துத் தீத்தடுப்புப் பெட்டகமாக இருக்கலாம். அவற்றில் சிலவற்றின் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் அடைத்திருப்பார்கள். அதைத் துளைக்காமல், உடைக்காமல் தனியே நிறுத்துங்கள். அதைக் கையாளப் பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள்தான் தொட வேண்டும்.

டிராயர்களை வெறுமனே திறந்து பார்த்தால் போதாது. ஒவ்வொன்றையும் தண்டவாளத்திலிருந்து முழுவதும் வெளியே இழுங்கள். நிரம்பி வழிந்த மேல் டிராயரிலிருந்து காகிதம் பின்பக்கம் நழுவி அடியில் விழுந்து கிடக்கும். ஒருமுறை நாங்கள் விற்ற மேசையில் இருந்து ஒரு துறையின் முழுச் சம்பளப் பட்டியலும் கிடைத்தது, வாங்கியவரே நேர்மையாகப் போன் செய்து சொன்னார். வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிறுவனத்தின் முகத்தில் தெரிந்தது. கோப்புகளோடு பென் டிரைவ், பழைய ஹார்டு டிஸ்க் எல்லாம் கிடைக்கும். அவற்றை எல்லாம் உங்கள் கணினிப் பிரிவிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மேசைகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது என்ன பலகை என்று. அடியில் வயர் நுழைய ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். பொரியை அழுத்தி ஒட்டியதுபோல் துகள் துகளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவுபோல் மென்மையாக இருந்தால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ப்ளைவுட். மேலே ஓடும் மரவரி அப்படியே ஓட்டைக்குள்ளும் இறங்கினால் அசல் மரம். அசல் மரம் ஒன்றிரண்டு இருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள், வண்டியோடு வருவார். ஆனால் அலுவலக மேசைகளில் பெரும்பாலானவை மெலமைன் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டுதான். அதில் ஒருமுறை முறுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி முறுக்கினால் பிடிமானம் குறையும். மூன்றாவது முறை ஓட்டை பொடிந்துவிடும். ஆகவே அதை முடிந்தவரை கழற்றாமலேயே நகர்த்துங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் போன் கேமராவில் நாலு பக்கமும் படம் எடுங்கள். நட்டு போல்ட்டை எல்லாம் ஒரு பையில் போட்டு, அந்தந்த மேசையின் அடிப்பலகையிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு போல்ட் குறைந்த மேசையை யாரும் சரி செய்து பயன்படுத்துவதில்லை, அது படிக்கட்டுக்கு அடியில்தான் போய் நிற்கும்.

மோட்டாரில் ஏற்றி இறக்கும் மேசைகள் இருந்தால் அவற்றின் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மின்னணுக் கழிவு. மேசைக்குள் பதித்த பிளக் பாயின்ட், தடுப்புகளில் ஓடும் வயர், பழைய ட்யூப்லைட் எல்லாமே தனி மூட்டை. ட்யூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்க வேண்டாம்.

எரிக்கும் யோசனையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். பார்ட்டிகிள் போர்டை ஒட்டி வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. பலகை எரியும்போது அதுவும் ஹைட்ரஜன் சயனைடும் புகையில் வரும். ஓரத்தில் ஒட்டிய பட்டி பி.வி.சி. என்றால் அதற்கு மேல் அமில வாயுவும் டயாக்சின் என்ற கொடிய நச்சும். விறகு என்று நினைத்துக் குளிர்காய வருகிறவர்தான் அதை முதலில் சுவாசிப்பார்.

எரிக்காவிட்டால் குப்பைப் புதைகுழிக்குத்தானே போகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆமாம், உண்மை அதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-ல் அந்நாட்டில் வீடு, அலுவலகம் இரண்டிலிருந்தும் கழிக்கப்பட்ட மேசை, நாற்காலி போன்ற சாமான்கள் 1.21 கோடி டன், அதில் சுமார் 80 சதவீதம் புதைகுழிக்குப் போனது. மிச்சத்தில் பெரும்பகுதியை எரிசக்திக்காக எரித்தார்கள். மறுசுழற்சிக்குப் போனது சொல்லும்படியாக இல்லை. காரணம் கஷ்டமில்லாமல் புரியும். ஒரே நாற்காலியில் இரும்பு, நைலான், ஃபோம், துணி, பசை, ப்ளைவுட் என்று ஆறு சமாசாரம் பிணைந்து கிடக்கிறது, பிரிக்கும் கூலிக்குப் பிரித்த பொருள் தேறாது. இரும்பும் அலுமினியமும் மட்டும் தப்பிக்கும், எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாது. ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு. பளபளக்கும் நாற்காலிக் காலில் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரண்டையும் தனித்தனியே குவித்துக் கொடுத்தால் காயலான் கடைக்காரர் தரும் விலையும் மாறும்.

பள்ளி விஷயம். கொடுக்கும் எண்ணம் நல்லது, ஆனால் முதலில் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். அலுவலக மேசை 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். சின்னப் பிள்ளைக்கு அது தாடைக்கு வரும். சக்கரம் வைத்த சுழல் நாற்காலியை வகுப்பறையில் விட்டால் முதல் நாளே பந்தயம் நடக்கும். ஆசிரியர் அறைக்கும் அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பீரோ என்றால் எந்தப் பள்ளியும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. படம் எடுத்து, அளவு எழுதி, குறையையும் எழுதி அனுப்புங்கள். வண்டிக் கூலியும் மாட்டிக் கொடுக்கும் கூலியும் உங்களுடையதாக இருக்கட்டும். உடைந்ததை வெளியேற்ற வழி தெரியாமல் தானம் என்று எழுதி அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் குப்பையைக் காலி செய்யும் செலவு, கொடுத்தவரைவிட ஏழையான ஒருவர் தலையில் விழுகிறது.

ஊழியர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் பட்டியலை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிக் குலுக்கல் போடுங்கள். மேலதிகாரி முதலில் வந்து நல்ல நாற்காலியைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற பேச்சு புதிய அலுவலகத்துக்கும் கூடவே வரும். எடுத்துப் போக ஒரு கடைசித் தேதி கொடுங்கள். பெயர் எழுதி ஒட்டிவிட்டு எடுக்காமல் விடுபவர்தான் அதிகம்.

நான்காவது வாரம் முடிவில் மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்போது காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இரும்பு எங்கே போகிறது? பலகை எங்கே போகிறது? ஃபோம் எங்கே போகிறது? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். மூன்றாவதுக்கு “அதெல்லாம் போயிடும்மா” என்றால் ஆளில்லாத வெளியில் கொட்டப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டியதில் உங்கள் நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டிய மேசை ஒன்று கிடந்தால் தேடி வருவது உங்களைத்தான். அந்த ஸ்டிக்கர்களை எல்லாம் முன்கூட்டியே உரித்துவிடுங்கள், பொறுப்பைத் தட்டிக்கழிக்க இல்லை, பதிவேட்டில் கழித்ததற்கு அடையாளமாக அவற்றைத் தாளில் ஒட்டி வைத்துக்கொள்ளத்தான். எடைச்சீட்டும், எது எங்கே போனது என்று கையெழுத்திட்ட தாளும் வாங்கிக் கோப்பில் போடுங்கள். வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக மீட்டிங் டேபிள். லிஃப்டில் நுழையாது என்கிறீர்கள், ஆனால் எப்படியோ உள்ளே வந்திருக்கிறதே. ஒரு விரிப்பைப் போட்டு அதன் அடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். 14 பேர் மேசை ஒரே பலகையாக இருப்பது அபூர்வம். நடுவில் எங்காவது இரண்டு பலகை சேரும் கோடும், அதன் குறுக்கே நாலைந்து இணைப்புப் போல்ட்டும் தெரியும். தெரிந்தால் அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால் அறைக்குள்ளேயே வைத்து ஒட்டிவிட்டார்கள். அப்படியானால் அறுக்க ஆள் தேடுவதற்கு முன் கட்டட உரிமையாளரிடம் பேசி, அடுத்து வரப்போகிறவர்கள் யார் என்று கேளுங்கள். நான் காலி செய்த இடங்களில் அப்படிப்பட்ட மேசைகள் மூன்று அதே அறையிலேயே இருக்கின்றன, சுற்றி உட்காருகிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.